மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: பனி போனதிலிருந்து சீசன் முடியும் வரை, பள்ளிப் பிள்ளைகளோடு

நாலு வருடம் முன்பு திருப்பூரிலிருந்து குன்னூருக்கு வந்தோம். வீட்டுக்காரருக்கு மாற்றல். பெரியவள் அப்போது ஆறாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. "கொடுத்து வெச்சவங்க, வருஷம் பூரா ஏசி" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை.

வந்த வருடம் மே மாதத்தில், பெரியவளுக்கு விளையாட்டு விடுதிச் சேர்க்கைக்கான தேர்வு ஊட்டியில். குன்னூரிலிருந்து ஊட்டி 20 கிலோமீட்டர்கூட இல்லை, முக்கால் மணி நேரம் தாராளம் என்று ஏழரைக்குக் கிளம்பினோம். அது சீசன் சனிக்கிழமை. வெல்லிங்டன் தாண்டுவதற்குள்ளேயே வண்டி நின்றது. மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. 800 மீட்டர் ஓடி முடித்த பிள்ளைகள் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவிழ்க்கவும் இல்லை, ஒன்றும் பேசவும் இல்லை.

இங்கே யாரும் வசந்தம் என்று சொல்வதில்லை. "பனி போயிடுச்சு" என்பார்கள், கொஞ்ச நாளில் "சீசன் வந்துடுச்சு" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஆறேழு வாரம்தான் நம்முடையது. பரீட்சை, விளையாட்டு, ஊர் சுற்றல், சான்றிதழ் அலைச்சல் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கப் பழகிவிட்டால் மே மாதம் வீட்டு வாசலில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணலாம். கீழே வருவது அந்த வரிசைதான்.

முதலில் மூச்சைப் பழக்குங்கள்

பிப்ரவரியில் வந்தால் முதல் குழப்பம் உடுப்பு. காலையில் ஊட்டிப் பக்கம் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று முதுகைச் சுடும், நிழலில் நுழைந்தால் மறுபடி நடுக்கம். ஒரே கனமான கோட்டு வாங்கிக் கொடுத்தால் பிள்ளை அதைக் கழற்றி எங்காவது போட்டுவிட்டு வரும். உள்ளே பனியன், மேலே சட்டை, அதற்கு மேலே ஸ்வெட்டர். இப்படி அடுக்கடுக்காகப் போடுவதே நல்லது. ஸ்வெட்டர் கழுத்தின் உள்பக்கம் பெயரை நூலால் தைத்துவிடுங்கள். மைதானத்து ஓரத்தில் ஒரே நிறத்தில் நாற்பது ஸ்வெட்டர் குவிந்து கிடக்கும்போது புரியும். பள்ளி ஸ்வெட்டர் அந்தந்தப் பள்ளி சொல்லும் கடையில்தான் கிடைக்கும். வீட்டில் போட்டுக்கொள்ள ஊட்டியில் திபெத்தியர் கடைகள் போதும், பேரம் பேசலாம்.

வெயில் இதமாகத்தானே இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். முதல் மாதத்திலேயே சின்னவனுக்கு மூக்கும் கன்னமும் தோல் உரிந்தது. தொப்பியும் உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் பையில் இருக்கட்டும்.

அப்புறம் ஓட்டம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் ஏறக்குறைய 1,850. ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவு. திருப்பூரில் மைதானத்தை ஐந்து சுற்று சிரித்துக்கொண்டே ஓடியவள், இங்கே இரண்டாவது சுற்றில் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துவிட்டாள். எனக்குப் பயம், டாக்டரிடம் போகலாமா என்று. பி.டி. சார் சிரித்தார்: "ஒண்ணும் இல்லம்மா, மூணு வாரம் நடக்கச் சொல்லுங்க, அப்புறம் மெதுவா ஓடட்டும். ரத்தம் தானா சரி பண்ணிக்கும்." அப்படியே ஆனது. உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் அவசரப்படுத்தக் கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் மட்டும் வந்த வாரமே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய ஊட்டியின் உயரம்தான். அங்கே பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார், குறுகிய ஓட்டங்களில் சாதனைகள் உடைந்தன. ஆனால் நீண்ட தூரத்தில் சமவெளியிலிருந்து வந்தவர்கள் திணறினார்கள். 1,500 மீட்டரில் தங்கம் வாங்கியவர் கென்யா மலைநாட்டுக்காரர் கிப் கெய்னோ. மெல்லிய காற்று வேகமாகப் பாய்பவருக்குத் தடை குறைவு, நெடுநேரம் ஓடுபவருக்கு மூச்சுப் பஞ்சம். உங்கள் பிள்ளை 100 மீட்டர்காரனா 1,500 மீட்டர்காரனா என்பதைப் பொறுத்து முதல் மாதத்தின் கஷ்டம் மாறும்.

(சமையலறையிலும் இதே கணக்கு. தண்ணீர் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகும் என்று காத்திருக்காதீர்கள். குக்கரிலும் ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள்.)

காகிதங்கள்

சலிப்பான வேலை, மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், பழைய பள்ளியின் எமிஸ் எண் (கல்வித்துறை இணையத்தில் பிள்ளைக்கு உள்ள பதிவு எண்). கடைசியாகச் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். பழைய பள்ளி அந்தப் பதிவை விடுவித்தால்தான் புதிய பள்ளியில் ஏற்ற முடியும். போனிலேயே கேட்டு முடித்துக்கொள்ளலாம். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு முயல்பவர்கள் வாடகை வீட்டு முகவரிச் சான்றை முதலில் தயார் செய்யுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரத்தைப் பார்ப்பார்கள். மலைப்பாதையில் இரண்டு வளைவு சுற்றினாலே தூரம் வேறு மாதிரி தெரியும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

சொந்த வண்டி இருந்தால் பதிவையும் மாற்றிவிடுங்கள். 2024 மே மாதம் முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு அது தேவையில்லை. பழைய எண்ணோடு கோயம்புத்தூர் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் கல்லாறு சோதனைச் சாவடியில் போனைத் துழாவிக்கொண்டு நிற்பதைவிட ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைவது மேல்.

பரீட்சை மார்ச்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் மார்ச்சில் தொடங்கிவிடும், மற்ற வகுப்புகளுக்கு ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. பாடம் எங்கும் ஒன்றுதான். மலையில் வேறுபடுவது இரண்டே விஷயம்: கை, பாதை.

கை என்றால் நிஜமாகவே கை. காலையில் விரல் விறைத்துப் போயிருக்கும். பொதுத்தேர்வு பத்து மணிக்கு வினாத்தாள் வாசிப்பதில் தொடங்கி, பத்தேகாலுக்கு எழுத ஆரம்பிப்பார்கள். கல் சுவர் ஹாலில் உட்கார்ந்த பிள்ளைக்கு முதல் பத்து நிமிடம் எழுத்து கோணலாகத்தான் வரும். போன வருடம் முழுக்கப் பெரியவளை வாரம் ஒருநாள் காலை ஆறரைக்கு மொட்டைமாடி வாசற்படியில் உட்கார வைத்து எழுதப் பழக்கினேன். பார்க்கிறவர்கள் கொடுமைக்காரி என்றுதான் நினைத்திருப்பார்கள். ஹாலுக்குள் நுழையும்வரை கையுறை போட்டுக்கொண்டு போவதும், ஒரு சின்ன பிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுபோய் வாசலில் நின்றே குடிப்பதும் உதவியது.

பாதை என்றால் காட்டெருமை. தேயிலைத் தோட்டத்து ஓரமாகப் பள்ளி வேன் போகும் ஊர்களில் இது தினப்படி சங்கதி. வளைவில் ஒன்று நின்றால் ஹாரன் அடிக்கக் கூடாது, கிட்டே போய்ப் போட்டோ எடுக்கவே கூடாது. அது நகரும்வரை நிற்க வேண்டியதுதான். பத்து நிமிடமும் ஆகும், அரை மணியும் ஆகும். ஆகையால் தேர்வு நாளில் ஒரு பஸ் முன்னதாகவே கிளம்புங்கள். விடியும் முன்பும் இருட்டிய பிறகும் பிள்ளைகளைத் தனியாக டியூஷனுக்கு நடத்தி அனுப்பாதீர்கள். கரடியும் அந்த நேரத்தில்தான் குப்பைத் தொட்டியைத் தேடி வரும்.

ஏப்ரலில் ஊட்டி மாரியம்மன் கோயில் தேர், குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழா எல்லாம் வரிசையாக வரும். தேருக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், பொதுத்தேர்வு இருந்தால் அது பாட்டுக்கு நடக்கும். இரவு ஒலிபெருக்கியைப் பற்றிப் புலம்பிப் பயனில்லை. முளைப்பாரியும் தேரும் பார்க்கக் கண் கோடி வேண்டும், ஒரு மாலை புத்தகத்தை மூடிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

பரீட்சைகளுக்கு நடுவே ஊர் பார்ப்பது

புதிதாக வந்தவர்கள் செய்யும் பெரிய தப்பு, "லீவு விட்டதும் எல்லாம் சுத்திப் பார்க்கலாம்" என்று மே மாதத்துக்கு ஒத்தி வைப்பது. அப்போது நீங்களும் டூரிஸ்டுதான், டூரிஸ்டுக்கு உள்ள வரிசையில்தான் நிற்க வேண்டும்.

மார்ச் ஞாயிறுகளே நல்லவை. குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் ஜக்கராண்டா பூத்துக் கீழே ஊதாப் பாய் விரித்திருக்கும். உயரத்துச் சோலைகளில் காட்டுப் பூவரசின் கடைசிச் சிவப்பு இருக்கும். 1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவில் காலை ஒன்பது மணிக்கு உங்களையும் தோட்டக்காரரையும் தவிர ஆள் இருக்காது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பிள்ளைகளுக்குப் பிடிப்பது பூவைவிட, கல்லாகிப் போன பழைய மரத் துண்டு. 2 கோடி ஆண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சின்னவன் கேட்டான், "அப்ப யாரும்மா எண்ணினாங்க?" பதில் சொல்ல வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டேன்.

மலை ரயிலையும் இப்போதே ஏறிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிக்கு முன்பதிவு கிடைப்பது குதிரைக்கொம்பு. குன்னூர் ஊட்டி இடையே போய்வருவது நமக்குச் சுலபம். 1908-இல் ஊட்டி வரை நீட்டிய பாதை, வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று நின்று போகும். கேத்தியில் இடப்பக்கமா வலப்பக்கமா பள்ளத்தாக்கு என்று பிள்ளைகளுக்குள் ஜன்னல் சண்டை வரும், அதையும் சேர்த்துத்தான் டிக்கெட்.

காட்டுக்குள் நடப்பதை மட்டும் இந்த மாதங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். பனியில் கருகிய புல் காய்ந்து கிடக்கும் காட்டுத்தீக் காலம், மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு இதில் யாரும் விளையாடுவதில்லை.

ஒரு பாத்தி மண்

விடுமுறையில் பிள்ளைகளை போனிலிருந்து பிரிக்க நான் கண்ட ஒரே வழி இது. நீலகிரியில் உருளைக்கிழங்குக்கு மூன்று போகம்: தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் நீர்போகம், ஏப்ரல் வாக்கில் கோடை மழையை நம்பிப் போடும் கார்போகம், பிறகு கடைபோகம். புதிதாகத் தொடங்க கார்போகம் தோது. பக்கத்து அட்டியிலிருந்து (படுகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பால் கொண்டுவரும் அம்மா முதல் வருடம் முளைவிட்ட கிழங்கு எட்டு கொடுத்தார். சின்னவன் எல்லாவற்றையும் தலைகீழாக நட்டான். "பரவாயில்ல கண்ணு, அது திரும்பிக்கும்" என்றார். திரும்பிக்கொண்டது. எட்டில் ஐந்தைக் காட்டெருமை மிதித்தது, ஒன்றை முள்ளம்பன்றி தோண்டியது, மிச்சத்தில் ஒரு பொரியல் ஆயிற்று. இரண்டாம் வருடம் கம்பி வேலி போட்டோம்.

விளையாட்டு: ஏணி எங்கே தொடங்குகிறது

பள்ளி விளையாட்டு விழா பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் முடிந்துவிடும். புதிதாக வந்த பிள்ளை அதில் பார்வையாளர்தான், வருத்தப்பட வேண்டாம். நிஜ ஏணி ஜூன் திறந்த பிறகுதான்: குறுவட்டப் போட்டி, அடுத்து மாவட்டம், அடுத்து மாநிலம். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். தடகளம் குடியரசு தினப் போட்டிகளிலும், குழு விளையாட்டுகள் பாரதியார் தினப் போட்டிகளிலும் வரும். இந்த ஏணியில் முதல் படி ஏற வேண்டுமானால் அதற்கான பயிற்சி ஏப்ரல், மேயில் நடந்திருக்க வேண்டும்.

அதற்கு முதல் வேலை, பி.டி. ஆசிரியரிடம் பேசுவது. பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் கணக்கு டீச்சர் மேஜையைச் சுற்றி நிற்பார்கள், பி.டி. சார் மேஜை காலியாக இருக்கும். அங்கே போங்கள். எந்தப் போட்டி எப்போது, யார் நல்ல பயிற்சியாளர், எந்த ஊர் மைதானத்தில் சனிக்கிழமை கால்பந்து, எந்த அட்டியில் வாலிபால் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, கோடைகாலப் பயிற்சி முகாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மூன்று வாரம் போல நடத்தும். நமக்கு அது ஊட்டியில். வகுப்பு அதிகாலையில் என்பதால் குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் முதல் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு சேருங்கள். சீசன் கூட்டம் எழுந்திருப்பதற்குள் போய்விடலாம், திரும்பி வருவதுதான் பாடு.

மூன்றாவது, விளையாட்டு விடுதிகள். 7, 8, 9, 11-ஆம் வகுப்பில் சேர விண்ணப்பம் ஆன்லைனில் கேட்பார்கள், பிறகு மாவட்ட அளவில் தேர்வு. பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியும் ஆதாரில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு இரண்டிலும் மாதம் மாறியிருந்தது, திருத்த மூன்று வாரம் அலைந்தோம். சான்றிதழ்கள் எதையும் லேமினேட் செய்யாதீர்கள், மூலத்தில் முத்திரை போடவேண்டி வந்தால் முழிப்பீர்கள். மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

மாநிலப் போட்டிக்காகச் சமவெளிக்கு இறங்கும்போது மலைப் பிள்ளைக்கு எதிரி வெயில். மூச்சு தாராளமாக இருக்கும், உடம்பு சூட்டைத் தாங்காது. முடிந்தால் இரண்டு நாள் முன்னதாக இறங்குங்கள். குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு. கிளம்பும் முன் தோசை, பால் வேண்டாம். இரண்டு இட்லி, கையில் ஒரு எலுமிச்சம்பழம் போதும்.

மே

முதல் வாரங்களில் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, பிறகு ஊட்டியில் மலர்க் கண்காட்சி, கடைசியில் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. எல்லாம் பார்க்க ஆசை இருந்தால் வார நாளில், கேட் திறக்கும் நேரத்துக்கு. ஒன்றே ஒன்று என்றால் என் ஓட்டு காய்கறிக்கு. கேரட்டில் செய்த யானையைப் பார்க்கக் கூட்டமும் குறைவு, பிள்ளைகளுக்குப் பேச்சும் நிறைய.

தாத்தா பாட்டி வருவது இந்த மாதத்தில்தான். காரில் வந்தால் இ-பாஸ் எடுத்துவிட்டார்களா என்று முதல் நாளே கேளுங்கள். பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள், அப்பாவுக்கு இதைச் சொல்லாமல் விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில் வேண்டாம், பிடித்துக்கொள்வார்கள். எவர்சில்வர் கூஜா கொண்டுவரச் சொல்லுங்கள், வழியில் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.

மே மாதத்தில் ஊட்டியில் பிள்ளைக்கு ஏதாவது தேர்வு, போட்டி, நேர்காணல் என்றால் முதல் நாள் மாலையே போய்த் தங்கிவிடுங்கள். தெரிந்தவர் வீடாக இருக்கட்டும், சீசன் வாடகைக்கு லாட்ஜ் எடுத்தால் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். மறு வருடம் எங்கள் பால்கார அம்மாவின் நாத்தனார் வீட்டில் லவ்டேலில் தங்கினோம். காலை ஆறேமுக்காலுக்கு மைதானத்தில் புல்லெல்லாம் ஈரம். பெரியவள் வார்ம்-அப் ஓடி முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, டைம் என்ன?" என்று ஐந்து தடவை கேட்டாள். 800 மீட்டரில் நாலாவதாக வந்தாள், விடுதி கிடைக்கவில்லை. அந்த ஜூலையில் குறுவட்டத்தில் இரண்டாவது, மாவட்டத்துக்குப் போனாள்.

ஜூனுக்கு இப்போதே வாங்க வேண்டியது

பள்ளி திறக்கும் வாரமே தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும். எல்லாரும் அன்றைக்குத்தான் கடைக்கு ஓடுவார்கள், பிள்ளை அளவு தீர்ந்திருக்கும். மே கடைசியிலேயே வாங்குங்கள். குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். ரெயின்கோட்டை ஒரு அளவு பெரிதாக, முதுகில் மாட்டிய புத்தகப் பையும் உள்ளே அடங்கும்படி எடுங்கள். ஷூ இரண்டு ஜோடி. ஒன்று காய மூன்று நாள் ஆகும், இரவில் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து அடுப்புப் பக்கம், ஆனால் அடுப்புக்கு மிகக் கிட்டே வேண்டாம், வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஜோடியின் அடிப்பாகம் சமோசா போல மடங்கிவிட்டது.